இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ்

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கிய பிறகு, படியில் நின்றுகொண்டு நீ ஒன்று சொன்னாய். "நீ வேணாம்னு சொன்னா நான் போகலம்மா. ஒரு வார்த்தை சொல்லு." நான் பதில் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். அதைப் போய் வா என்று எடுத்துக்கொண்டாயா, வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாயா என்று எனக்குத் தெரியாது. எனக்கே அது எதுவென்று அப்போது தெரியவில்லை. அடுத்த வாரம் உன் விமானம். அதற்குள் உனக்கு ஒரு பதில் வந்து சேர வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் எனக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். மெசேஜும் வேண்டாம். நீ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவாய், நான் அதில் உள்ள பிழையைத் திருத்தி அனுப்புவேன், சொல்ல வந்த விஷயம் நின்றுவிடும். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர், முக்கியமானதை எழுதும்போது அடித்தல் திருத்தல் இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதச் சொல்வார். இன்று காலையிலிருந்து நிறையத் தாள் கிழித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கஸ்தூரியின் மகன் தினமும் காலை ரயிலில் பெங்களூர் வருகிறான் அல்லவா, அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் பூட்ஸ் விஷயத்தை எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை நீ வந்தபோது புது பூட்ஸ் போட்டிருந்தாய். பனி கொட்டும் நாடு, இப்போதே காலுக்குப் பழக வேண்டும் என்றாய். கழற்றி வாசல் ஓரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். கூட்டுவதற்காக நான் அதை நகர்த்தினேன். கனம் கைக்குத் தெரிந்தது. மூக்குப் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். அமுங்கவில்லை. தோலுக்கு உள்ளே இரும்பு. பனிக்கு எதற்கு இரும்பு? மேலேயிருந்து கல் விழக்கூடிய இடத்தில் நிற்கிறவனுக்குத்தான் இரும்பு. சுரங்கத் தொழிலாளர் வீடுகளான இந்த வரிசையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். உன்னைப் பெரிய படிப்பெல்லாம் படிக்க வைத்தேன், எஞ்சினியர், ஆராய்ச்சி, உலகத்தில் இன்னும் சரியாக உருவாகாத கம்ப்யூட்டர். ஆனால் ஊரிகத்தில் இருக்கும் அம்மாவிடம் சுரங்க பூட்ஸைப் பனி பூட்ஸ் என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று எப்படி நினைத்தாய்?

என் மாமியார் இந்த வீட்டில் வைத்துவிட்டுப் போன பழக்கம் ஒன்று உண்டு. சுரங்கத்தில் இறங்குகிறவனின் பூட்ஸ், அவன் வீட்டில் இருக்கும் நேரம், மூக்கு வீட்டின் உள்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். வாசலைப் பார்த்து வைத்தால், அவனுக்கு முன்னாலேயே அது ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடும் என்பார். கான்வென்ட்டில் படித்த நான் இதையெல்லாம் நம்பியதில்லை. நம்பாமலே உன் அப்பாவின் பூட்ஸை அவர் வேலையில் இருந்த காலம் முழுதும் திருப்பி வைத்தேன். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகும், போட ஆளில்லாமல் அது வாசலில் உள்பக்கம் பார்த்தபடி கிடந்தது. அப்போது நீ சின்னப் பையன். அதன்மேல் ஏறி நின்று விளையாடுவாய். சனிக்கிழமை உன் பூட்ஸையும் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்து இட்லிக்கு மாவை எடுத்து வைத்தேன். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வாசலுக்குப் போன நீ, பூட்ஸ் திரும்பியிருப்பதைப் பார்த்து, போன காரியத்தை விட்டுவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாய்.

"எப்ப கண்டுபுடிச்ச?"

"கூட்டும்போது."

"ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"நீ கேப்பேன்னு பாத்துகினே இருந்தேம்மா. இன்னா வேலைடா, எந்த எடம்டா, அங்க எப்படிடா இருப்பே, ஒண்ணாச்சும் கேட்டியா? லேப்னு சொன்னேன். சரின்னே. அத்தோட முடிஞ்சுது."

"லேப்னு சொன்னா லேப்னு நம்பறது தப்பா?"

"லேப்தாம்மா. கொஞ்சம் கீழ கீது, அவ்ளோதான்."

"எவ்ளோ கீழ?"

நீ இட்லியைப் பார்த்தாய். "நம்ம ஊரு ஆழம் இல்ல" என்றாய்.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நீ கவனித்திருக்க மாட்டாய், நான் சட்னி எடுக்க எழுந்துவிட்டேன். இரண்டு மைல் ஆழத்துக்குச் சுரங்கம் தோண்டிய இந்த ஊர்க்காரனுக்குத்தான் இப்படி ஒரு சமாதானம் சொல்லத் தோன்றும்.

அதன் பிறகு நீ விளக்கினாய். நீ இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் என்னிடம் பேசி எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். உங்கள் கம்ப்யூட்டரின் சில்லு, எந்தப் பனியையும்விடக் குளிரான ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதற்குக் கம்பி இழுப்பதும், குளிர் குறையாமல் பார்ப்பதும், அது சொல்லும் பதிலை அளப்பதும் உன் வேலை. வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எந்நேரமும் கொட்டிக்கொண்டிருக்கின்றன, கூரை சுவர் எதுவும் அவற்றைத் தடுப்பதில்லை. அவை சில்லில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் புரியும்படியாக ஒன்று சொன்னாய். "ஒரு ரூம்ல நூறு பேர் மனக்கணக்கு போட்டுகினு இருக்காங்கோ. யாரோ கதவை டமால்னு சாத்தறான். எல்லாருக்கும் ஒரே நேரத்துல கணக்கு தப்பிப்போவுது. அந்த மாதிரி."

"அப்ப கதவைச் சாத்தறவனைக் கண்டிக்கணும்" என்றேன்.

"அவன் வானத்துலேர்ந்து வரான்மா. அவன் வராத எடத்துக்கு நாமதான் போவணும்."

பாறைக்கு அடியில் போகப் போக அவை குறையுமாம். அதனால், இன்னும் வேலை நடக்கிற ஒரு சுரங்கத்தின் அடியில் இருக்கும் அந்த ஆராய்ச்சிக்கூடம். காலையில் சுரங்கத் தொழிலாளர்களோடு சேர்ந்து கேஜ் கூண்டில் இறங்க வேண்டும், சாயங்காலம் அவர்களோடு மேலே வர வேண்டும். இரண்டு வருஷம்.

நீ போன மறுநாள் குழாயடியில் கஸ்தூரி பிடித்துக்கொண்டாள். "இன்னா எக்ஸ்சேஞ்சம்மா, உங்க புள்ள ஏரோப்ளேன் ஏறிப் போயி சுரங்கத்துல எறங்கப் போறானாமே. ஏன், இங்க கீற ஷாஃப்டுக் குழி அவனுக்குப் பத்தலியா? ஊட்லேர்ந்தே நடந்து போயிருக்கலாமே" என்றாள். ரயிலில் அவள் மகனிடம் நீ எப்போதோ சொல்லிவிட்டாய். வரிசைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும் என்று எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சுரங்கத்தில் இறங்குவது எனக்குப் புதிதல்ல. குழாயடிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் வலித்தது. கஸ்தூரியிடம், "இங்க கீற ஷாஃப்டுல தண்ணி நிக்குது. அவனுக்கு நீச்சல் தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த ஊரில் என்னை எக்ஸ்சேஞ்சம்மா என்று கூப்பிடுவதற்கான காரணம் உனக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே செய்த வேலை எப்படிப்பட்டது என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சுரங்கத்தின் டெலிபோன் எல்லாம் எக்ஸ்சேஞ்சில் ஒரு போர்டுக்கு வந்து சேரும். கீழே ஒவ்வொரு லெவலிலும் ஒரு போன், மேலே ஆஸ்பத்திரி, ஷாஃப்டு, டைம் ஆபீஸ், அதிகாரிகள் பங்களா. விளக்கு எரிந்தால் கம்பியை எடுத்துச் சொருகி இணைக்க வேண்டும். இணைத்ததும் காதை எடுத்துவிட வேண்டும். ஒட்டுக் கேட்கக் கூடாது, சொந்த விஷயம் கேட்கக் கூடாது. எங்கள் வரிசையிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் பெண் நான். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்தான் என்னை அங்கே உட்கார வைத்தது. என்னால் ஒரு குறை வந்தால் அடுத்த பெண்ணை எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் விதிப்படி இருந்தேன். பிறகு விதியே நானாகிவிட்டேன் என்று உன் அப்பா சொல்வார்.

உன்னிடம் சொல்ல விட்டுப்போனது ஒன்று. அந்தக் காலத்தில் இங்கேயும் ஆழத்தில் விஞ்ஞானிகளுக்கு ஓர் அறை இருந்தது. வானத்திலிருந்து வருவது பாறையைத் தாண்டி எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்க வந்தவர்கள். அவர்களுடைய போனும் என் போர்டுக்குத்தான் வரும். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குப் பேசுவார். காதை எடுப்பதற்குள் ஒரு வாக்கியம் விழுந்துவிடும். எப்போதும் ஒரே வாக்கியம்தான். "இன்றைக்கும் ஒன்றும் வரவில்லை." பாவம், ஒன்றும் வராததைச் சொல்வதற்கு ஒரு மனிதர் தினமும் போன் எடுக்கிறாரே என்று நினைப்பேன். இப்போது சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும்போது அந்தக் குரல் ஞாபகம் வருகிறது.

டோக்கனைப் பற்றியும் எழுத வேண்டும். கீழே போகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை டைம் ஆபீஸ் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவான், மேலே வந்ததும் தன் ஆணியில் மாட்டுவான். ஷிஃப்டு முடிந்து ஓர் ஆணி காலியாக இருந்தால் ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். தங்கராசு என்று பாறையில் துளை போடும் டிரில்லர் ஒருவன் இருந்தான். ஒரு நாள் மேலே வந்தவன் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக ராபர்ட்சன்பேட்டையில் மேட்னி ஷோவுக்குப் போய்விட்டான். ஆணி காலி. அவனைத் தேடிக் கீழே ஆள் இறங்கிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி ஷாஃப்டு வாசலில் மாரடித்து அழுகிறாள். கூட்டத்தில் யாரோ, அவன் காலையிலேயே புதுப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான் என்றார்கள். டைம் ஆபீஸ் தியேட்டருக்கு லைன் கேட்டது, நான் போட்டுக்கொடுத்தேன். படத்தை நிறுத்தி, தங்கராசு உடனே ஷாஃப்டுக்கு வரவும் என்று திரையில் எழுதிக் காட்டினார்களாம். அவன் ஓடி வந்து, "இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கூட்டத்தையே கேட்டிருக்கிறான். அழுத கண்ணோடு அவள் செருப்பைக் கழற்றினாள். ஊரே சிரித்தது. ஆனால் இல்லாத ஒருவனைத் தேடி இறங்கியவர்களும் யாரோ ஒருத்தியின் புருஷன்மார்தான். நீ வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு ஆபீஸ் போகிறவன். அங்கேயும் ஏதோ ஒரு பலகை இருக்கும். உன் டோக்கனை நீயே மாட்டு. நண்பன் கையில் கொடுக்காதே, நாளை மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

இனி ராக் பர்ஸ்ட் நடந்த நாளைப் பற்றி. நீ பிறப்பதற்கு வெகு நாள் முன்பு. ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சிதறியது. மேலே வீடுகளில் அலமாரிப் பாத்திரமெல்லாம் கீழே விழுந்தது. என் போர்டில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் கணக்குத் தப்பும் என்று நீ சொன்னபோது நான் அந்தப் போர்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா அன்று கீழே. எந்த லெவல் என்றும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு, ஷாஃப்டுக்கு, டைம் ஆபீஸுக்கு என்று ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே இருந்தேன். டைம் ஆபீஸ் லைன் என் கையில் எத்தனையோ முறை வந்துபோனது. என் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டாரா என்று கேட்க ஒரு மூச்சு போதும். நான் கேட்கவில்லை. நான் கேட்கும் அந்த ஒரு மூச்சில் எவனோ ஒருவனுக்கு ஸ்ட்ரெச்சர் தாமதமாகும். ஷாஃப்டு வாசலில் நின்றுகொண்டிருந்த பெண்களுக்கு இல்லாத வசதி எனக்கு மட்டும் எதற்கு?

சாயங்காலம் அவர் ஷாஃப்டிலிருந்து நேராக எக்ஸ்சேஞ்ச் ஜன்னலுக்கு வந்தார். தலை முதல் கால் வரை சாம்பல் நிறம், பல் மட்டும் வெள்ளை. போர்டில் ஒரு போன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். நின்றார். நான் முடித்துவிட்டுத் திரும்பியதும் சொன்னார்.

"டைம் ஆபீஸ்ல கேட்டேன். நீ என்னைப் பத்தி கேக்கவே இல்லியாமே."

"கேட்டா லைன் பிஸியாயிடும்."

சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னார். "செத்தனா பொழச்சனான்னு கூட கேக்கலப்பா, லைன் பிஸியாயிடுமாம்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அன்றைக்கு நான் செய்தது சரி. இன்று அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் போர்டை விட்டு எழுந்து வீட்டுக்கு வந்த பிறகும் நான் யாரையும் எதையும் கேட்காமலே இருந்துவிட்டேன். அவர் கடைசி வருஷங்களில், நெஞ்சு அடைத்துக்கொண்டு மூச்சு வாங்கும்போதும், மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் நின்று சத்தமாகச் சொல்வார். "மேல வந்துட்டேன்." நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன் பார் என்கிற கேலி அது. நான் அடுப்படியிலிருந்து ஒன்றும் சொன்னதில்லை. அவர் போன பிறகு சில நாள், அந்த நேரத்துக்கு அடுப்பைத் தணித்துவிட்டு நின்றிருக்கிறேன்.

இப்போது இங்கே பகல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீ வருவது விடுமுறை நாளில். மற்ற நாள் காலை ரயில் போனதும் வரிசையில் வேலைக்குப் போகிற வயதுள்ளவர்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். பூட்டிய கதவும் என்னைப் போன்றவர்களும்தான். காற்று அடித்தால், சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசு வந்து புத்தர் படத்தின் கண்ணாடியில் படியும். துடைப்பேன். சாயங்காலம் விளக்கேற்றிப் பஞ்சசீலம் சொல்வேன். என் குரலை நானே கேட்பது அன்றைக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். என்னுடன் பெங்களூரில் வந்து இரு என்று நீ கூப்பிட்டபோது மறுத்தது நான்தான், அதனால் குறை சொல்லவில்லை. பெங்களூர் வரைக்கும் ஒரு ரயில் தூரம். அந்தத் தூரத்தில் நீ இருந்தால் கேட்காமலே இருந்துவிடலாம் என்று இருந்தேன்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசை. உன் தாத்தா இறங்கினார், உன் அப்பா இறங்கினார், நீ இறங்கக் கூடாது என்றுதான் உன்னை எழுந்து படி எழுந்து படி என்று விரட்டினேன். சுரங்கத்தை மூடியபோது உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நின்றுபோன கேஜைக் காட்டி, "இத்தோட முடிஞ்சுதுடா" என்று சொல்லிவிட்டு வந்தார். அது முடியவில்லை. ஆனால் அவர்களை வயிறு இறக்கியது. உன்னை அப்படி யாரும் இறக்கவில்லை. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீயே இறங்குகிறாய். இட்லி ஆறிப்போவது தெரியாமல் நீ பேசினாய் அல்லவா, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வேண்டாம் என்றால் நீ நிற்பாய். நின்று, என் பக்கத்தில் இருந்து, என்னிடம் எதுவும் சொல்லாமல் இருப்பாய். நான் வளர்த்த பிள்ளையிடமிருந்து அதை என்னால் தாங்க முடியாது.

போய் வா. இதுதான் பதில்.

கேஜில் கையை வெளியே நீட்டாதே. பெல் அடித்த பிறகு ஏறாதே. மேலே உன் அறையில் பூட்ஸை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூட இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

நீ மேலே வரும் நேரம் இங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும் என்று கஸ்தூரி மகன் பார்த்துச் சொன்னான். எனக்கு நைட் ஷிஃப்டு புதிதல்ல. தமிழ் எழுத்தில் மெசேஜ் அடிக்க என் போனில் அவன்தான் போட்டுக்கொடுத்தான், அவனிடமே கேட்டு உன் போனிலும் போட்டுக்கொள். இனி ஒவ்வொரு நாளும் நான் கேட்பேன், மேலே வந்துவிட்டாயா என்று. எப்போது வந்து பார்க்கிறாயோ அப்போது பதில் போடு, அவசரமில்லை. அதுவரை நான் லைனில் இருப்பேன்.

உன் அம்மா